தஸ்பீஹ்

தஸ்பீஹ் (அரபுப் பெயர்ச்சொல்): இறைவன் எக்குறையும் அற்ற தூயவன் என்று போற்றுதல்.

'ஸ-ப-ஹ' என்பது இதன் வேர். நீந்துதல், விரைந்து செல்லுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். கதிரவனும் நிலவும் தத்தம் பாதையில் நீந்துவதாகக் குர்ஆன் கூறும் இடத்திலும் (21:33) இதே வேரைக் காணலாம். குறையுள்ள எண்ணங்களை இறைவனிடமிருந்து வெகுதொலைவு விலக்கி வைப்பதே தஸ்பீஹ் என அகராதி அறிஞர்கள் வேரின் பொருளையும் சொல்லின் பொருளையும் இணைக்கின்றனர். புகழ்தல் என்பதற்கு 'ஹம்து' என்ற வேறு சொல் உண்டு. நிறைவைச் சொல்வது ஹம்து; குறையை மறுப்பது தஸ்பீஹ்.

குர்ஆனின் 57, 59, 61ஆம் அத்தியாயங்கள் இச்சொல்லின் இறந்தகால வினையோடும், 62, 64ஆம் அத்தியாயங்கள் நிகழ்கால வினையோடும், 87ஆம் அத்தியாயம் ஏவல் வினையோடும் தொடங்குகின்றன. துதிக்குக் கால எல்லை இல்லை என்பதை இலக்கணமே உணர்த்துகிறது!

தொழுகையில் குனியும்போதும் சிரம் பணியும்போதும் சொல்லப்படுவது தஸ்பீஹே. தொழுகை முடிந்தபின் சுப்ஹானல்லாஹ் (அல்லாஹ் தூயவன்) 33, அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே) 33, அல்லாஹு அக்பர் (அல்லாஹ் மிகப் பெரியவன்) 33 என ஓதி, இறைவனின் ஒருமையைச் சொல்லும் ஒரு கலிமாவால் நூற்றை நிறைவு செய்வர். இதை எண்ண உதவும் மணிமாலையையும் தமிழ் முஸ்லிம்கள் தஸ்பீஹ் என்றே அழைப்பர். விரல்களில் எண்ணுவோரும் உண்டு.

தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழ்ச் சொற்களையே வழங்கும் இம்மக்களிடம் தஸ்பீஹ் அரபு வடிவிலேயே நிலைத்துவிட்டது. 'துதி' என்பது அதற்கு நெருங்கிய சொல். 'தூய்மை கூறித் துதித்தல்' என்பதே முழுப்பொருள்.