கொற்கைச் சங்கும் தஞ்சைப் பலகையும்

கலப்பு ஊடகக் கலை என்றதும் அதனை மேலைநாட்டு வரவாகவே நம்மில் பலர் கருதுகிறோம். 1912ஆம் ஆண்டில் பிக்காசோ தம் ஓவியமொன்றில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக அமைத்தார். இக்கலையின் வரலாற்றைப் பலரும் இங்கிருந்தே தொடங்குவர். ஆயின், வண்ணத்தோடு பிற பொருள்களையும் சேர்த்து ஒரு படைப்பாக்கும் முறை நமக்குப் புதிதன்று.

தஞ்சாவூர் ஓவியத்தை எண்ணிப் பார்ப்போம். மராட்டியர் ஆட்சியில் (1676–1855) செழித்த இக்கலையில், மரப்பலகைமீது துணி ஒட்டப்படும். சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழம்பால் உருவங்கள் புடைப்பாக எழுப்பப்படும். கண்ணாடிக் கற்களும் தங்க ரேக்கும் பதிக்கப்பெறும். எஞ்சிய இடமே வண்ணத்துக்கு உரியது.

சென்ற கோடை விடுமுறையில் மாணவர் சிலரோடு நாமும் இக்கலையைத் தொடக்கநிலையில் பயில முனைந்தோம். தூத்துக்குடிக் கரையில் பொறுக்கிய சிப்பிகளைத் தடித்த தாளில் ஒட்டினோம். பசை உலர்ந்ததும் தாள் வளைந்தது, சிப்பிகள் உதிர்ந்தன. முன்னோர் பலகையைத் தேர்ந்த காரணம் அன்றுதான் விளங்கிற்று.

பலகைக்கு மாறிய பின் வேறொரு வினா எழுந்தது. ஒரு மாணவி வெண்பவளத் துண்டொன்றைக் கொண்டுவந்தார். அழகியதுதான், ஒட்டலாமா?

இக்கரையில் கடற்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கொற்கையில் 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. இங்குக் குளித்தெடுத்த சங்குகள் வங்காளத்துக்குச் சென்று வளையல்களாயின. முத்துக்குளிப்போ 1961ஓடு நின்றது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பவளங்களையும் சிப்பி, சங்கினங்கள் சிலவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் காத்து வருகிறது.

வண்ணத்தால் தீட்டிய பவளம் பவளத்தின் சாயல் மட்டுமே. ஒட்டிய பவளமோ கடலிலிருந்து எடுத்த பவளமேயாகும். இக்கலையில் இறங்குவோர் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இதுவென எண்ணுகிறோம். பசையும் பலகையும் பழகப் பழகக் கைவந்துவிடும்.

அத்துண்டு கடலுக்கே திரும்பியது. அதற்கென ஒதுக்கிய இடத்தில், கரையொதுங்கிய அறுந்த வலைத்துண்டொன்றை அம்மாணவி ஒட்டினார். பலகை இன்று எம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.