39பி: கட்டாயத் தூக்கும் அதன் விலக்குகளும்

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் கடத்தலுக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு 39பி. 1975இல் சேர்க்கப்பட்டபோது மரணம் அல்லது ஆயுள் சிறை என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்கு இருந்தது. 1983 திருத்தம் அதைப் பறித்துக்கொண்டது. கடத்தல் நிரூபணமானால் தூக்கு மட்டுமே.

யார் கடத்தல்காரர் என்பதைத் தராசுதான் பெரும்பாலும் சொன்னது. 15 கிராம் ஹெரோயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் சியாபு (மெத்தாம்ஃபெட்டமின்): இந்த அளவை எட்டிய பொருளை வைத்திருப்பவர் கடத்துகிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. உதாரணமாக, மலாக்காவின் பெம்பானில் ஒருவர் பிடிபட்டால் ஜாசின் மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டு வாசிக்கப்படும், ஆனால் வாக்குமூலம் பதிவாகாது, ஜாமீனும் கிடையாது. விசாரணை ஆயர் குரோ உயர் நீதிமன்றத்தில். வேதியியல் துறை அறிக்கையில் வரும் நிகர எடைதான் பிடிபட்டவரின் குடும்பம் காத்திருக்கும் எண்.

பொருள் குற்றம் சாட்டப்பட்டவரின் கையிலிருந்ததையே ஓர் அனுமானத்தால் நிறுவி, அதன்மேல் கடத்தல் என்ற இன்னோர் அனுமானத்தையும் ஏற்ற 2014 திருத்தம் இடம் கொடுத்தது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது.

39பி பிரிவுக்குள்ளேயே முதல் விலக்கு 2018 மார்ச்சில் வந்தது. பொருளைச் சுமந்து சென்றதோடு நின்றவர், கடத்தலை முறியடிக்க அதிகாரிகளுக்கு உதவியிருந்தால், ஆயுளும் குறைந்தது 15 பிரம்படியும் பெறலாம். குறுகலான வாசல்தான், சுமப்பவருக்கு மேலிடத்துப் பெயர்கள் எங்கே தெரியும்?

2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு நீங்கியது. மரண தண்டனை இன்னும் சட்டத்தில் உண்டு. நீதிபதி அதை விதிக்காவிட்டால் ஆயுளும் குறைந்தது 12 பிரம்படியும். ஆயுள் என்பது இங்கே 30 ஆண்டு. பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குத் தூக்கு முன்பும் இல்லை. மேல்முறையீடுகள் முடிந்து காத்திருந்தோர் கூட்டரசு நீதிமன்றத்தில் தண்டனை மறு ஆய்வு கேட்கவும் தனிச் சட்டம் வழிசெய்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்த விலக்கு எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை. தற்காப்பு வழக்கறிஞர் எழுதும் மனுவை ஏற்று, அரசுத் தரப்பு 39பி குற்றச்சாட்டை, போதைப்பொருள் வைத்திருந்ததற்கான 39ஏ(2)ஆகக் குறைக்கலாம். அதிலும் கட்டாயக் குறைந்தபட்சம் உண்டு: 5 ஆண்டு சிறை, 10 பிரம்படி. 1983க்கும் 2018க்கும் இடையில் உயிர் தப்பிய பலர் இவ்வழியே தப்பினர். அந்த முடிவை எடுப்பது சட்டத்துறைத் தலைவர் அலுவலகம். காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.