பாணர் ஏறிய வழியும் நீர் இறங்கும் வழியும்

சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், நல்லியக்கோடனைத் தேடிச் செல்லும் பாணரின் வழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது நம் வழக்கம். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் அறிஞர் கொள்வர். கடற்கரையிலிருந்து மேற்கே மேடேறும் வழி அது.

மழைநீருக்கோ அவ்வழி தலைகீழ். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாகும். கடைசி ஏரியின் நீர் கழுவெளியில் பரந்து தங்கி, பின்னரே மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கடல் சேரும். வெள்ளத்தின் விரைவைப் படிப்படியாகத் தணித்த ஏற்பாடு இது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரிவாரியத்தைக் குறிப்பதை நாம் குடவோலைப் பெருமைக்காகவே நினைவுகூர்கிறோம். அவ்வாரியத்தார்க்குத் தூர் வாரும் கவலை இருந்ததை யாரும் பேசுவதில்லை!

பொம்மையார்பாளையத்துக்கு இத்தகைய ஏரித்தொடர் வாய்க்கவில்லை. ஊருக்கு மேற்கே செம்மண் மேடு; கிழக்கே கடல். இடையிலுள்ள சரிவு குறுகியது. மேட்டில் காடு இருந்தவரை அது குறையாகத் தோன்றியிராது. அக்காடு எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய விரும்புவோர், வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டுக்குள் சற்று நடந்து பார்க்கலாம். சருகு மெத்தையில் கால் புதையும். மழை அங்கே ஓடுவதில்லை, இறங்குகிறது. காடு அழிந்த மேட்டிலோ ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை அறுத்துக்கொண்டு ஓடிற்று. ஓடைகள் பள்ளங்களாயின, கடல் சிவந்தது. இன்று அப்பள்ளங்களில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வெளியூரார் வருகின்றனர். நிலத்தின் புண் நமக்குக் காட்சிப்பொருளாகிவிட்டது.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அம்மேடு பெரும்பாலும் பொட்டல். வந்து குடியேறியோர் முதலில் கற்றுக்கொண்ட பாடம், கன்று நடுமுன் வரப்பு போட வேண்டும் என்பதே. சுற்றூர் உழைப்பாளிகளோடு சேர்ந்து வயல்தோறும் மண்வரப்பு உயர்த்தினர், ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டினர், குளம் வெட்டினர், பின்பு லட்சக்கணக்கில் மரம் வைத்தனர். இதில் புதுமை ஒன்றுமில்லை என்பதே நம் எண்ணம். வரப்பும் தாங்கலும் இம்மண்ணின் பழைய சொற்கள்தாம், மறந்தவர்கள் நாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தகைய மழையை எவ்வரப்பும் முற்றாக நிறுத்திவிடாது. ஓட்டத்தைத் தணிக்கும், அவ்வளவே. ஆனால் சரிவின் அடியில் வாழும் மீனவக் குடும்பத்துக்கு அந்த அளவே பெரிது. நெடுநாளாக அவர்கள் முற்றத்தைக் கிழக்கே கடல் அரித்து வருகிறது. மேற்கிலிருந்தும் நீர் பாய்ந்தால் அவர்கள் எப்பக்கம் நகர்வது?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனைக்கற்கள் நட்ட புன்செய்கள் இப்போது பெருகிவிட்டன. மனைக்குச் சமதளம் வேண்டும். எனவே முதலில் கரைக்கப்படுவது வரப்பு. பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறார்கள். நீர் வந்து போன வழியை எழுத அதில் இடமில்லை.