சோறு குற்றவாளியா?



சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் மகள் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். கல்லூரியில் முதலாண்டுப் படிப்பை முடித்தவள். வந்த நாள் முதல் அவள் சோற்றைத் தொடவில்லை. இலையில் இட்ட சோற்றை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சிறிது கறியும் மோரும் மட்டும் உண்டு எழுந்துவிடுவாள். காலையில் இட்டிலியும் வேண்டா, தோசையும் வேண்டா. நான்காம் நாள் காலை கொல்லைப்புறத்தில் நின்றவள், தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே அமர்ந்துவிட்டாள். முகம் தெளிவித்து, கஞ்சி கொடுத்து, காரணம் கேட்டோம்.

“சோறு உண்டால் உடம்பு பருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, மாமா! அது பொய்யா?” என்றாள் அவள்.

நான் மருத்துவன் அல்லன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். மருந்து சொல்ல என்னால் இயலாது. ஆனால், அவள் சொன்ன அந்த ‘எல்லோரும்’ யார், அவர்கள் எக்காலத்தில் எதைக் கண்டு அவ்வாறு சொன்னார்கள் என்று தேடிப் பார்க்க இயலும். தேடிக் கண்டதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மாவுப் பொருள்களின்மேல் இக்குற்றத்தை எழுத்தில் சாட்டிய பழைய சான்றுகளுள் புகழ் பெற்றது பிரான்சு நாட்டில் தோன்றியது. பிரிய்யா சவாரன் என்பவர் அந்நாட்டு நீதிபதி. உணவில் மிக்க சுவைஞர். 1825ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வெளியிட்ட நூல் சுவையின் இயல்பை ஆராய்வது. உடற்பருமனைப் பற்றி அதில் எழுதும்போது, மக்கள் நாள்தோறும் உண்ணும் மாவுப் பண்டங்களே அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று என்று அவர் தீர்ப்புக் கூறினார். அவர் அளந்து பார்த்தவர் அல்லர். விருந்துகளில் கண்டதையும் கேட்டதையும் கொண்டு முடிவு செய்தவர்.

அவருக்குப் பின்னர் அறிஞர்கள் இக்கேள்வியை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றனர். செருமானிய வேதியியல் அறிஞர் லீபிக், மாவுப் பொருள் விலங்குகளின் உடலில் கொழுப்பாக மாறக்கூடும் என்றார். பிரெஞ்சு அறிஞர் சிலர் அதனை மறுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் லாசு, கில்பர்ட் என்னும் இருவர், பன்றிகளுக்குத் தீனியை அளந்து இட்டுச் சோதித்தனர். தீனியில் இருந்த கொழுப்பைவிட உடலில் சேர்ந்த கொழுப்பு மிகுதியாக இருந்தது. எனவே, தேவைக்கு மிஞ்சிய மாவுப் பொருள் கொழுப்பாக மாறும் என்பது உறுதியாயிற்று. ‘தேவைக்கு மிஞ்சிய’ என்னும் அச்சொல்லை நினைவில் கொள்ளுங்கள். பிற்காலத்தார் பலர் மறந்தது அதனைத்தான்.

1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலண்டன் நகரில் வில்லியம் பான்டிங் என்னும் பெரியவர் தம்மை நிறுத்துப் பார்த்தார். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் குடும்பத் தொழில். வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 ராத்தல், அதாவது ஏறக்குறைய 92 கிலோகிராம். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படிகளில் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. காது மந்தமாகிவிட்டதென்று அவர் நாடிச் சென்ற மருத்துவர் ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர் மது, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு கூறினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பான்டிங்கின் எடை 46 ராத்தல் குறைந்திருந்தது. பெருமகிழ்ச்சி கொண்ட அவர், 1863ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை ஒரு சிறு நூலாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கினார். அதன் புகழால் அவர் பெயரே ஆங்கிலத்தில் ‘எடை குறைக்கப் பத்தியம் இருத்தல்’ என்னும் பொருள் தரும் வினைச்சொல்லாயிற்று.

மாவுணவின்மேல் பழி நிலைபெற்றதற்கு இந்நூல் ஒரு பெருங்காரணம். ஆயினும் அதனைப் பொறுமையாகப் படிப்போர் இரண்டு செய்திகளைக் காண்பர். ரொட்டியை அவர் முற்றும் துறக்கவில்லை. உலர வாட்டிய ரொட்டியில் சிறு துண்டு அவருடைய உணவில் இடம்பெற்றே இருந்தது. மேலும், அவர் விலக்கியவற்றுள் மாவுப் பொருள்களோடு வெண்ணெயும் சர்க்கரையும் பீரும் இருந்தன. பலரைச் சேர்த்து நாடு கடத்திவிட்டு, ஊர் அமைதியானதற்கு அவர்களுள் ஒருவன் சென்றதே காரணம் என்று சொல்லலாமா? அன்று பலரும் அவ்வாறே சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அளவுகோல் கிடைத்தது. செருமனியில் ரூப்னரும் அமெரிக்காவில் அட்வாட்டரும் உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கலோரிக் கணக்கில் அளந்தனர். ஒரு கிராம் மாச்சத்து ஏறக்குறைய 4 கலோரி தருகிறது, புரதமும் அவ்வளவே, கொழுப்போ 9 கலோரி. எடைக்கு எடை பார்த்தால், சோற்றின்மேல் ஊற்றும் நெய், சோற்றிலுள்ள மாச்சத்தைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் உடையது என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர் அமெரிக்கப் பெண் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் எந்த உணவுக்கும் தடை இல்லை. ரொட்டியை ஒரு துண்டு என்று எண்ணாமல் நூறு கலோரி என்று எண்ணுங்கள் என்றார் அவர். உண்ணலாம், ஆனால் கணக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

இனி நான் சொல்லப்போவது சோற்றுக்கே நேரான சான்று. பெர்லினில் 1903ஆம் ஆண்டில் பிறந்தவர் வால்டர் கெம்ப்னர். அவர் அன்னையார் லிடியா ரபினோவிட்சு புகழ் வாய்ந்த நுண்ணுயிரியல் அறிஞர். யூதக் குடும்பத்தில் பிறந்த கெம்ப்னர், இட்லர் ஆட்சியில் தாய்நாட்டைவிட்டு வெளியேறி, 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தார். கடுமையான இரத்தக் கொதிப்புக்குத் தக்க மருந்து இல்லாத காலம் அது. சிறுநீரகத்தின் சுமையைக் குறைத்தால் நோயாளி பிழைக்கலாம் என்று அவர் கருதினார். புரதமும் உப்பும் மிகக் குறைந்த உணவு எது என்று ஆராய்ந்து, அரிசியைத் தேர்ந்தெடுத்தார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. இவை தவிர வேறில்லை. உப்பு அறவே இல்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2000 கலோரி. புரதம் 20 கிராம் அளவு. கொழுப்பு 5 கிராம் அளவு.

இவ்வுணவைச் சிலகாலமே கொடுக்கலாம் என்று முதலில் அவர் எண்ணியிருந்தார். 1942ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியை இரண்டு வாரத்தில் திரும்பி வருமாறு அவர் கூற, அவருடைய செருமானிய உச்சரிப்பால் அவ்வம்மையார் அதனை இரண்டு மாதம் என்று பிறழக் கொண்டு, அவ்வளவு காலமும் சோற்றையே உண்டு, நலம் பெற்றுத் திரும்பி வந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் கெம்ப்னர் இம்முறையை நீண்ட காலத்துக்குத் துணிந்து கையாண்டார். 1948ஆம் ஆண்டில் ஐந்நூறு நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்.

இங்குதான் நம் கதைக்குரிய செய்தி வருகிறது. நோயாளிகளின் எடை குறைந்தது! உப்பு நீங்கியதால் உடலில் தேங்கிய நீர் வடிந்தது ஒரு காரணம். நெய்ப்பசையும் காரசாரமும் இல்லாத உணவை எவரும் மிகுதியாக உண்ணவில்லை என்பது மற்றொன்று. பின்னர், பெரும்பருமன் உடையவர்களுக்கென்றே கலோரியை மேலும் குறைத்து, நடைப்பயிற்சியும் நாள்தோறும் மேற்பார்வையும் சேர்த்து ஒரு திட்டம் வகுத்தார். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரை, குறைந்தது 45 கிலோகிராம் எடை இழந்த 106 பேரைப் பற்றியது. அவர்கள் இழந்த எடை சராசரியாக 63.9 கிலோகிராம். சோற்றை அடிப்படையாகக் கொண்ட உணவினால்!

வரலாறு கற்போர் இங்கே சற்று நின்று நிதானிக்க வேண்டும். அந்த 106 பேரும் வென்றவர்கள். வென்றவர்களைப் பொறுக்கியெடுத்தே கணக்கு எழுதப்பட்டது. முயன்று கைவிட்டவர்கள் அப்பட்டியலில் இல்லை. பான்டிங்கின் நூலும் ஒரே மனிதரின் கதைதான். வென்ற மன்னன் வெட்டிய கல்வெட்டை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்கிறோமோ, அவ்வளவு எச்சரிக்கையோடு இவற்றையும் படித்தல் வேண்டும். மேலும், கெம்ப்னரின் உணவு மருத்துவரின் கண்காணிப்பில் நோயாளிகளுக்கு இடப்பட்ட பத்தியம். அதனை வீட்டில் நாமே பின்பற்றுவது தீங்கு தரும். அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றே: மாவுணவு தட்டில் இருக்கும்போதே எடை குறையக்கூடும்.

எடை குறைந்தால் மட்டும் போதுமா? இதற்கு விடை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிய, ஆன்சல் கீசு என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் தாமே முன்வந்தனர். 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் உண்டவை பெரும்பாலும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் கோசும் போன்றவையே. மாவுணவுதான், ஆனால் அளவு மிகச் சிறிது. உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதனோடு மகிழ்ச்சியும் குறைந்தது. எப்பொழுதும் குளிர்ந்தது, படிப்பில் கருத்துச் செல்லவில்லை, உணவைத் தவிர வேறு நினைவில்லை. சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்துப் படித்தவர்களும் இருந்தார்கள். உடல் நலமும் உள்ள உறுதியும் நிறைந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்களின் நிலை இது. இப்பகுதியைப் படித்தபோது, கொல்லைச் சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்த எங்கள் வீட்டுப் பெண்ணே என் கண்முன் நின்றாள்.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் சொல்வேன். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர் மாச்சத்தையும் மற்றொரு கூறினர் கொழுப்பையும் குறைக்குமாறு ஓராண்டு பழக்கினர். முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6.0 கிலோகிராம் இழந்தனர். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோகிராம் இழந்தனர். அவ்விரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்பதே ஆய்வாளர் முடிவு. இரு சாராரும் காய்கறிகளை மிகுதியாகவும், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைவாகவும் உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குமிடத்து, நீதிபதி சவாரனின் தீர்ப்பு திருத்தப்பட வேண்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ரொட்டியை விலக்கியவரும் மெலிந்தார். சோற்றையே உண்டவரும் மெலிந்தார். இருவரும் முன்னைவிடக் குறைந்த ஆற்றலையே உட்கொண்டனர் என்பது அவர்களுக்குப் பொதுவானது. எனவே வழக்கு அளவின்மேலும், உடன் சேர்பவற்றின்மேலும் தொடுக்கப்பட வேண்டும். வெந்த கிழங்கு ஒன்று; எண்ணெயில் பொரித்த கிழங்கு மற்றொன்று. கைக்குத்தல் அரிசியில் தங்கும் தவிடும் நாரும் பளபளவெனத் தீட்டிய அரிசியில் இல்லை. நீரிழிவு உடையவர்க்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவர் சொற்படியே சோற்றின் அளவைக் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் என் தங்கை மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அப்படியானால், நான் எவ்வளவுதான் உண்பது, மாமா?” என்றாள். அதனை மருத்துவரிடம் கேட்போம் என்று மறுநாள் அழைத்துச் சென்றோம். அவர் அவளை நிறுத்துப் பார்த்து, உயரத்தை அளந்து, குறைக்க வேண்டிய எடையே அவளிடம் இல்லை என்று கூறிவிட்டார்!

அன்று நண்பகல் அவள் இலையில் சோறு இருந்தது. இரண்டு கரண்டி சோறு, அதைவிடச் சற்று மிகுதியாகக் கீரையும் அவரைக்காயும், கெட்டியான பருப்பு. மாலையில் இருவரும் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தோம். உங்களுள் எவரேனும் பிறர் சொல்லுக்கு அஞ்சி இலையைவிட்டு எழுபவராக இருந்தால், எழுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் சொன்னவர் யார்? எதை அளந்து பார்த்துச் சொன்னார்? அக்கேள்வியைக் கேட்கக் கற்பிப்பதற்காகவே பள்ளியிலும் கல்லூரியிலும் வரலாறு என்று ஒரு பாடத்தை வைத்திருக்கிறார்கள்.