கொட்டியாரத்தில் வைத்த பணயம்



மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலே கட்டைபறிச்சான் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரை அடுத்துப் பரந்து கிடப்பது கொட்டியாரக் குடா. திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் அமைந்த இக்குடாவிலேதான் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. 1660ஆம் ஆண்டில் இக்கரையில் ஒரு சூதாட்டம் நிகழ்ந்தது எனலாம். சீட்டும் இல்லை, கவறும் இல்லை. பணயமாக நின்றவை ஒரு கப்பலும் சில மனிதரின் விடுதலையும். அதனைக் கூறுமுன் சீட்டாட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல நேயர்கள் இடந்தர வேண்டும்.

நம்மவர் திண்ணைகளில் ஆடும் 304 போன்றதன்று, போக்கர் என்னும் மேனாட்டு ஆட்டம். அதில் ஒருவர் பந்தயம் கட்டினால், அடுத்தவர் அதே தொகையை வைத்துத் தொடரவேண்டும். அன்றேல் அதுவரை வைத்ததை விட்டு, சீட்டைக் கவிழ்த்து விலகவேண்டும். ஒருவன் கையில் 5, 6, 8, 9 இருக்கின்றன என்று கொள்வோம். ஐந்தாவது சீட்டு உதவாதது. அதனை எறிந்து வேறொன்று வாங்கலாம். 7 வந்தால் வரிசை நிறைவுறும். அவன் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் 7 என்பன நான்கே; எஞ்சிய 43-உம் அவனுக்குப் பயனற்றவை. ஆகவே ஒரு ரூபா வைத்துத் தொடர்வதாயின், நடுவே குவிந்துள்ள பணம் 11 ரூபாவுக்குக் குறைந்திருந்தால் அது வீண் செலவே. முன்னர் வைத்த பணத்தை மீட்க வேண்டுமென்று தொடர்பவன் பெரிதும் கெடுகிறான். அப்பணம் அவன் கையை விட்டுப் போய் நெடுநேரமாயிற்று. மெலிந்த கைக்கு வேறொரு வழியும் உண்டு. எதிராளி அஞ்சி விலகும்படி, வலிமை உள்ளவன்போல் நடிப்பது.

இத்தகைய கணக்கு, நாம் பேசவந்த காலத்திலேதான் பிறந்தது. 1654இல் பிரான்சிய அறிஞர் பஸ்காலும் பெர்மாவும் சூதின் பங்கீடு பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 1657இல் ஒல்லாந்தரான ஐகன்சு இப்பொருள் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர்.

இந்நிலையில், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், மரத்தைச் செப்பனிடவும் வாணிகம் செய்யவும் கொட்டியாரம் வந்தது. அதன் தலைவர் கப்டன் நொக்ஸ். உடன் வந்தவன் பத்தொன்பது வயது மகன் ரொபேட் நொக்ஸ். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் திருமுகமும் காணிக்கையும் அனுப்பாதது அவர்கள் செய்த பிழை. மன்னன் ஏவலால் படையுடன் வந்த திசாவை, 1660 ஏப்ரிலில் முதலில் மகனையும், பின்னர்ப் புளியமரத்தடியில் அமர்ந்திருந்த தந்தையையும் பிடித்தான். மற்றும் சிலரும் அகப்பட, கைதிகள் பதினாறு பேராயினர்.

திசாவையின் நோக்கம் கப்பலை ஆற்றுக்குள் கொணர்தல். மகன் நேரில் சென்று சொன்னாலன்றிக் கப்பலோர் கேளார் என்று கப்டன் கூற, மகன் கப்பலுக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவர்கள் கூடி ஆராய்ந்து ஒரு கடிதம் எழுதினர்: கப்டனின் கட்டளைக்கு இனிப் பணிவதில்லை, எம்மை நாமே காத்துக்கொள்வோம் என்று. அனைவரும் கையொப்பமிட்டனர். இது தலைவனை எதிர்த்த கலகமன்று. திசாவைக்குக் காட்டுவதற்காக ஆடிய ஆட்டம். அது பலித்தது, கப்பலைக் கொணரும்படி கப்டனை அவன் மேலும் நெருக்கவில்லை.

ஆனால் அக்கடிதத்தைக் கரைக்குக் கொண்டுவந்தவன் மகனே. கப்பலில் நின்றிருந்தால் அவன் விடுதலை பெற்றவன். திரும்பினால் தனக்கென்று வெல்லக்கூடியது யாதொன்றும் இல்லை. பஸ்காலின் கணக்கில் இதற்கு இடமில்லை. தந்தைக்குக் கொடுத்த சொல்லுக்கு எத்தனை ரூபா என்று எவர் மதிப்பிடுவார்?

விடுதலை ஆணை இன்று வரும், நாளை வரும் என்ற பேச்சே நீண்டது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கப்பலைப் பணயம் வைப்பதாகும் என்று உணர்ந்த கப்டன், அதனைப் பரங்கிப்பேட்டைக்குச் செல்லும்படி பணித்தார். தம் மீட்சிக்கு இருந்த ஒரே துணையைத் தாமே அனுப்பிவிட்டார். இதனைக் கைவிட்ட செயல் எனச் சிலர் கருதலாம். எனக்கோ அக்கரையில் நிகழ்ந்தவற்றுள் தெளிவு மிக்க தீர்மானமாக இதுவே தோன்றுகிறது. அவ்வாண்டு செப்டெம்பரில் கைதிகள் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார்.

மகன் கற்றுக்கொண்டது பொறுமை. ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனுடன் சில்லறை வியாபாரியாக வடக்கு நோக்கிப் பலமுறை சென்றான். பொதி சுமந்து போவோரை எவரும் ஐயுறவில்லை. வழிகளும் காவல்களும் அவனுக்குப் பழக்கமாயின. எனினும் மூன்று நான்கு ஆண்டுகள் மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. நீரில்லாக் காட்டில் புகுவது சாவே என்று கண்டு, ஒவ்வொரு முறையும் திரும்பினான். ஒரு பயணத்திற்கு அவன் செலுத்திய விலை கால்நோவு ஒன்றே. காட்டுக்குள் புகுந்து தவறியிருந்தால் விலை உயிராகும். சீட்டைக் கவிழ்க்கத் தெரிந்தவன் அவன்.

1679 செப்டெம்பர் 22ஆம் நாள் மறுபடியும் புறப்பட்டனர். எல்லைப்புறத்துத் தலைவன் வினவியபோது, உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றனர். அவனும் நம்பினான். அனுராதபுரம் தாண்டி, நாம் அருவியாறு என்று வழங்கும் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டினூடே நடந்தனர். இம்முறை ஆற்றுவழி அவர்களைக் கைவிடவில்லை. ஒக்டோபர் 18ஆம் நாள், ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். கொட்டியாரத்தில் பிடிபட்டு அப்போது பத்தொன்பது ஆண்டுகளும் ஆறு மாதங்களும் ஆகியிருந்தன. 1681இல் இலண்டனில் நொக்ஸ் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில் இவையெல்லாம் விரிவாக உள்ளன. அவன் புறப்பட்ட நாளில் உடன்வர இயலாத ஆங்கிலேயர் சிலர் கண்டி நாட்டிலேயே எஞ்சியிருந்தனர்.