அரண்மனை ஊசியும் கிராமத்து ஊசியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் மன்னர் பட்டியலைவிட அதன் கருவிகள் செம்மையாக எடுத்துரைக்கும். கலப்பையையும் தறியையும் இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வைத்தியனின் கையிலுள்ள சிறிய ஊசியும் அத்தகைய சான்றே. அக்குபங்சர் எனப்படும் சீனக் குத்தூசி வைத்தியத்தை அதிசயமெனப் போற்றுவோரும் மூடநம்பிக்கையெனத் தள்ளுவோரும் அவ்வூசி கடந்து வந்த பாதையை நோக்குவதில்லை. அப்பாதையை நாம் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

சீனாவின் ஹூனான் மாகாணத்தில், மவாங்டூய் என்னுமிடத்திலே, கி. மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டது. அங்கு கிடைத்த வைத்தியச் சுவடிகள் உடலிலோடும் 11 நாடிகளை விவரிக்கின்றன. மாசிப்பத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையை எரித்து, அந்நாடிகளின்மேற் சூடு வைக்கும் முறையையும் கூறுகின்றன. ஆனால், இந்நாடி நூல்கள் ஊசியைக் குறிப்பிடவில்லை. ஆதிகாலந்தொட்டு முழுமையாக இருந்துவந்த முறை இது என்னும் கூற்று இவ்விடத்திலேயே தகர்ந்து விடுகின்றது.

ஊசி பெருமையுடன் இடம்பெறுவது, கி. மு. முதல் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘மஞ்சட் பேரரசரின் உள்நூல்’ என்னும் நூலிலேயாம். அந்நூல் ஒன்பது வகை ஊசிகளைக் கூறுகின்றது. மூன்று விளிம்புடையது இரத்தம் வடிப்பதற்கு. வாள் போன்று அகன்றது சீழ்க்கட்டியைக் கீறுவதற்கு. முனை மழுங்கியது தோலைத் துளையாது அழுத்தித் தேய்ப்பதற்கு. ஏழு சீன அங்குல நீளமுள்ளது ஆழ்ந்த நோவுக்கு. நுளம்பின் வாய்க்கு ஒப்பிடப்படும் மெல்லிய ஊசி இவ்வொன்பதில் ஒன்று மட்டுமே. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால், சத்திர வைத்தியரின் ஆயுதப் பெட்டியே நம் நினைவுக்கு வரும். பிற்காலத்தில் அம்மெல்லிய ஊசியே முழு வைத்தியத்துக்கும் அடையாளமாயிற்று.

கருவி பிறந்ததும் அதற்கு வர்க்கமும் வந்து சேர்ந்தது. கி. மு. 113இல் இறந்த சிற்றரசன் லியூ ஷெங்கின் கல்லறை 1968இல் திறக்கப்பட்டபோது, பொன் ஊசிகள் நான்கும் வெள்ளி ஊசிகள் ஐந்தும் வெளிப்பட்டன. உழவனுக்குப் பொன் ஊசி ஏது? கி. பி. 1027இல் சொங் பேரரசின் கட்டளைப்படி, ஆளுயர வெண்கல மனிதர் இருவர் வார்க்கப்பட்டனர். உடலெங்கும் குத்துமிடங்கள் துளைகளாக அமைந்திருந்தன. மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவனைக் குத்தச் சொல்வர்; சரியான இடத்திற் குத்தினால் நீர் கசியும். கற்பித்தற் கருவி என்ற வகையில் இன்றைய ஆசிரியரும் வியக்கத்தக்கது இது. ஆயினும், அரண்மனை தந்ததை அரண்மனையே பறித்தது. 1822இல் தாவோகுவாங் பேரரசர், மன்னரின் திருமேனியைக் குத்துவது தகாதெனக் கருதி, அரச வைத்தியக் கழகத்தினின்றும் இத்துறையை நீக்கினார். அதன்பின் ஊசி கிராமத்து வைத்தியரையே நம்பி வாழ்ந்தது.

1929இல் கோமிந்தாங் அரசு பழைய வைத்தியம் முழுவதையுமே ஒடுக்க முற்பட்டது; வைத்தியர்களின் எதிர்ப்பே அதனைத் தடுத்தது. அக்காலத்திலே செங் தான்ஆன் என்பவர் உடற்கூற்று விஞ்ஞானத்தைக் கற்று, இரத்தக் குழாய்களைத் தவிர்க்குமாறு குத்துமிடங்களைத் திருத்தி, மெல்லிய உலோக ஊசியைப் பரப்பினார். மருந்துகள் அரிதாயிருந்த யெனான் விடுதலைப் பிரதேசத்தில், மேனாட்டு வைத்தியம் பயின்ற சூ லியன் என்னும் பெண்மணி, ஒரு பழைய வைத்தியரிடம் ஊசி பிடிக்கக் கற்றார். 1951இல் அவர் வெளியிட்ட ‘புதிய அக்குபங்சர்’ என்னும் நூல், நரம்பு மண்டலத்தைக் கொண்டே அம்முறையை விளக்க முயன்றது. 1968க்குப் பின் ‘வெறுங்கால் வைத்தியர்’ என்ற பெயராற் புகழ்பெற்ற கிராமத்துத் தொண்டர்களின் கைப்பெட்டியிலும் ஊசி இடம்பெற்றது. வைத்தியரையே காணாத கிராமங்களுக்கு வைத்தியம் சென்றது. இச்சாதனையை மறுப்பதற்கில்லை.

ஆயின், நம்மவர் நேர்மையுடன் நோக்கவேண்டிய பகுதியும் இங்குண்டு. ஊசியால் மட்டுமே நோவை அடக்கிச் சத்திரசிகிச்சை செய்யலாமென 1970களில் உலகெங்கும் பறைசாற்றப்பட்டது. 1971இல் பீக்கிங்கிலே குடல்வால் அகற்றப்பட்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரனின் கட்டுரை இதனை மேலும் பரப்பியது. உண்மையில் அவருக்குச் சத்திரசிகிச்சை வழக்கமான மரப்பு மருந்துடனேயே நடந்தது. ஊசி குத்தியது பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்கே. காட்சிக்கு வைக்கப்பட்ட நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதும், பலருக்கு மருந்தும் கூடவே கொடுக்கப்பட்டதென்பதும் பின்னர் வெளிப்பட்டன. இடதுசாரிகள் பலர் அன்று இவற்றை ஆராயாமலே நம்பினர். நாம் விரும்பும் நாட்டிலிருந்து வந்த செய்தி என்பது அதன் உண்மைக்குச் சான்றாகாது.

ஜெர்மனியில் 1,162 நாரிநோவாளர்மீது நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, இங்கு நமக்கு வழிகாட்டுகின்றது. முறைப்படி குத்தப்பட்டோரில் 47.6 வீதத்தினரும், குத்துமிடமல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 வீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதத்தினரும் சுகங்கண்டனர். ஊசியேற்றோர் கூடுதலாகச் சுகம் பெற்றனர். ஆனால் வெண்கல மனிதனின் துளைகள் காட்டிய ‘சரியான இடம்’ பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பரிவுள்ள கையும், நோயாளியின் எதிர்பார்ப்பும் இதிற் பங்குகொண்டிருக்க வேண்டும்.

பழைமை என்பதால் ஒன்றை வணங்குதலும், கிராமத்தானுடையது என்பதால் அதனை இகழ்தலும் ஒரே தவற்றின் இரு முகங்கள். சூ லியன் பழைய வைத்தியரின் கையிலிருந்து ஊசியை வாங்கினார். அவருடைய விளக்கத்தை வாங்கவில்லை. மக்களிடம் கற்றல், கற்றதைச் சோதித்தல், சோதனையில் நின்றதை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தல் — இம்மூன்றில் எதனைக் கைவிட்டாலும் நாம் மீண்டும் அரண்மனை வாயிலிலேயே நிற்போம்.