கப்பல் மார்க் கைமாறிய கதை

சென்னை மெட்ரோவின் வடக்குக் கோடியில் 'விம்கோ நகர்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ரயில் அங்கே ஓட ஆரம்பித்தது. விம்கோ என்பது சாமி பேரும் இல்லை, ஊர்ப் பெரியவர் பேரும் இல்லை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். திருவொற்றியூரில் அவர்களுடைய தீப்பெட்டி ஆலை இருந்ததால் வந்த பெயர். கப்பல் படம் போட்ட 'ஷிப்' தீப்பெட்டியும், கொஞ்சம் பெரிய சைஸில் வந்த 'ஹோம்லைட்ஸ்' பெட்டியும் நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்தது இவர்களிடமிருந்துதான்.

1923-ல் ஸ்வீடிஷ் மேட்ச் என்ற ஸ்வீடன் நிறுவனம் தொடங்கிய கம்பெனி இது. 82 வருஷம் கழித்து, 2005-ல், அதே ஸ்வீடன்காரர்கள் இதை ஐ.டி.சி.க்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். சிகரெட் கம்பெனி தீப்பெட்டிக் கம்பெனியை வாங்கியது, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் அந்த விற்பனைக்கு முந்தைய ஐந்தாறு வருஷ இழுபறியைப் படித்துக்கொண்டே போனால், கம்பெனிக்காரர்களின் கணக்குவழக்கைத் தாண்டிச் சிவகாசியில் வந்து நிற்கிறோம். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். விம்கோவின் விலையை நிர்ணயித்தது பம்பாயும் இல்லை, ஸ்டாக்ஹோமும் இல்லை. வெம்பக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் இருந்த தீப்பெட்டி ஆபீஸ்கள்தான். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர். 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறார் என்று அர்த்தம் இல்லை.)

கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம். இன்று நாம் உரசும் தீப்பெட்டியே ஸ்வீடன் சரக்குதான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் என்று மருந்தை இரண்டாகப் பிரித்து வைக்கும் யோசனை 1844-ல் அங்கே பிறந்தது. முதல் உலகப் போர் வரை நமக்குத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு, வருமானத்துக்காக, ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது அவர்களுக்குப் பெரிதாகக் கிடையாது. கஜானா காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரியால் இரண்டு காரியங்கள் நடந்தன. வெளியிலிருந்து கொண்டுவந்தால் கட்டாது என்று கண்ட ஸ்வீடன் கம்பெனி, வேலிக்கு உள்ளேயே வந்து ஆலை போட்டது. பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத், பிறகு கல்கத்தா, பரேலி, அஸ்ஸாமில் துப்ரி, இங்கே திருவொற்றியூர். அதே சமயத்தில், மழையில்லாத கரிசல் பூமியான சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற உறவினர்கள் இருவர், 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரே வரி, ஒரே காலம், இரண்டு பிள்ளைகள். ஒன்று பணக்கார வீட்டுப் பிள்ளை.

எவ்வளவு பணக்கார வீடு என்பதற்கு ஐவர் க்ரூகர் என்ற ஒரு பெயர் போதும். ஸ்வீடிஷ் மேட்ச்சின் தலைவர், 'தீப்பெட்டி ராஜா' என்று உலகமே அழைத்த மனிதர். ஐரோப்பிய அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார். 1929-ல் ஜெர்மனிக்கு அவர் ஒப்புக்கொண்ட கடன் 12.5 கோடி டாலர். 1932 மார்ச்சில் பாரிஸில் அவர் இறந்துகிடந்த பிறகுதான் கணக்குகளில் பாதி பொய் என்று தெரிந்தது. கம்பெனி தப்பித்துக்கொண்டது. இந்தியாவில் மட்டும் அந்த ஏகபோகம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. இங்குள்ள சிறு உற்பத்தியாளர்கள் போட்ட கூச்சலில் சுங்கவரி வாரியம் விசாரணை நடத்தி 1928-ல் அறிக்கை கொடுத்தது, வரி நிலைத்தது.

அடுத்து வந்ததுதான் முக்கியம். 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, கையால் செய்பவனுக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். ஏ வகுப்பு என்றால் நடைமுறையில் விம்கோ. அதற்கு மேல், தீப்பெட்டி சிறுதொழிலுக்கென்று ஒதுக்கிய பொருள்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பெரிய ஆலை இருப்பதை ஓட்டலாம், பெரிதாக்க முடியாது. வளரக் கூடாது என்று சட்டமே சொன்ன ஒரு தொழிலில் விம்கோ நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்தது.

சிவகாசி சும்மா இருக்குமா? வரிப்படி எது லாபமோ அதுவாகவே மாறிக்கொண்டது. ஒரு பெரிய ஆபீஸை நாலு சின்ன ஆபீஸாகக் காட்டுவது, பெட்டி ஒட்டும் வேலையை வீடு வீடாகக் கொடுப்பது, கட்டை அடுக்குவதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோவது. குச்சி கேரளாவிலிருந்து வரும். மருந்து முக்குவது ஆபீஸில். லேபிள் அடிக்க அச்சகம் சொந்த ஊரிலேயே. வாரக்கூலி, பெட்டிக்கு இவ்வளவு, கட்டைக்கு இவ்வளவு. இந்த ஏற்பாட்டில் நிலைச்செலவு என்று ஒன்று கிடையாது. விற்கவில்லையா, நாளைக்கு வேலை இல்லை.

இதைச் சிறியவன் பெரியவனை வீழ்த்திய வீரக்கதையாக எழுதுபவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. அந்த மலிவு விலைக்குள் பெண்களின் விரல்களும், பல வருஷங்களுக்குக் குழந்தைகளின் விரல்களும் இருந்தன. விடியற்காலையில் கிராமத்துக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகளை எங்கள் பக்கத்து நடுவயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னபோது, அதன் மையத்தில் இருந்தது சிவகாசிதான். விம்கோ போட்டியிட்டது இந்தக் கூலியோடும்தான்.

இன்னொரு விசித்திரம், விலை. தீப்பெட்டியின் சில்லறை விலையைத் தீர்மானிப்பது செலவு இல்லை, நாணயம். 1995-லிருந்து 50 காசு. 2007-ல் 1 ரூபாய். 2021 டிசம்பரில் 2 ரூபாய். நடுவில் எதுவும் கிடையாது. 60 காசுக்குத் தீப்பெட்டி என்றால் கடைக்கார அண்ணாச்சி சில்லறைக்கு எங்கே போவார்? ஆக, 12 வருஷம், 14 வருஷம் ஒரே விலை. மெழுகும் அட்டையும் குளோரேட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆபீஸ்காரர் பெட்டியில் நாலு குச்சி குறைப்பார், கூலியை இழுத்துப் பிடிப்பார். நிரந்தரத் தொழிலாளி, பி.எஃப்., பழைய இயந்திரம், அதிக வரி என்று இருக்கும் கம்பெனி என்ன செய்யும்? நஷ்டக் கணக்கு எழுதும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் விம்கோ அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் கம்பெனி யாருடையது என்ற சண்டையும் வந்தது. அப்போது விம்கோவில் ஸ்வீடிஷ் மேட்ச்சும் ஜாட்டியா குடும்பத்தாரும் கூட்டாளிகள். இரண்டு பேர் கையிலும் சேர்த்து 74 விழுக்காடு பங்கு. 2000-ல் ஜாட்டியாக்களின் பங்கை ஸ்வீடன் பக்கம் வாங்கிக்கொண்டது. உடனே செபி குறுக்கே வந்தது: இவ்வளவு பங்கு கைமாறினால் மற்ற பங்குதாரர்களிடமும் வாங்கிக்கொள்ள முன்வந்து பகிரங்க அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 'முன்னேயும் எங்கள் கூட்டத்திடம் 74, இப்போதும் 74, என்ன மாறிவிட்டது?' என்பது ஸ்வீடன்காரர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டாளியாக இருப்பதும் தனி முதலாளி ஆவதும் ஒன்றில்லை என்று செபி சொன்னது, தீர்ப்பாயம் சொன்னது, கடைசியில் 2004 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கம்பெனிச் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இது பாடம். எந்தப் பொருள் செய்த கம்பெனி என்பது அவர்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது.

நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை இன்னும் கொஞ்சம் வாங்கு என்று நீதிமன்றம் சொல்கிறது. அடுத்த வருஷமே மொத்தத்தையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். வாங்கியது ஐ.டி.சி.யின் துணை நிறுவனமான ரஸ்ஸல் கிரெடிட்.

ஐ.டி.சி. எதை வாங்கியது? ஆலைகளையா? அதற்குச் சில வருஷம் முன்பே அவர்கள் தீப்பெட்டி வியாபாரத்தில் இறங்கியிருந்தார்கள், ஒரு குச்சிகூடச் செய்யாமல். சிறு உற்பத்தியாளர்களிடம் சரக்கை வாங்கித் தங்கள் லேபிளை ஒட்டி விற்பதுதான் அவர்கள் முறை. சிகரெட் போகும் ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் தீப்பெட்டியும் போகலாமே. அப்படிப்பட்டவர்களுக்கு 'ஷிப்' என்ற பெயரும் 'ஹோம்லைட்ஸ்' என்ற பெயரும்தான் பெரிய சொத்தாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். ஸ்வீடன்காரர் செய்த பெட்டியைவிட, அதன் மேலே ஒட்டியிருந்த படம் விலை போனது. லேபிளின் மதிப்பு என்ன என்று சிவகாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காக்கா, அணில், மயில் என்று படம் பார்த்துச் சரக்கு கேட்கும் வாடிக்கையாளரை நம்பித்தான் அந்த ஊரே அச்சகம் வைத்தது. 2014-ல் விம்கோவின் தீப்பெட்டித் தொழில் ஐ.டி.சி.க்குள்ளேயே கரைந்தது.

விம்கோவைக் கட்டிப்போட்ட சட்டங்களும் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 2015 ஏப்ரலில், சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பட்டியலில் மிச்சமிருந்த 20 பொருள்களை மத்திய அரசு விடுவித்தது. ஊறுகாய், ரொட்டி, ஊதுபத்தி இவற்றோடு தீப்பெட்டியும் பட்டாசும் அதில் இருந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 என்று பழைய கோடு இன்னொரு முறை போடப்பட்டது. 2020-ல் அதையும் அழித்து இரண்டுக்கும் 12 ஆக்கினார்கள். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் முழு இயந்திரம் போட்டவர்கள் கொண்டாடினார்கள், கட்டை அடுக்கும் ஆபீஸ்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். இயந்திரம் போட்டவர்கள் யாரும் ஸ்வீடனிலிருந்து வரவில்லை. போன தலைமுறையில் கையால் செய்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான்.